முதல் வெட்டு தன் சம்பளத்தில்

நின்டெண்டோவை 13 ஆண்டுகள் நடத்திய சடோரு இவாட்டாவின் கதை

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த மஞ்சள் கேசட் நினைவிருக்கும். டிவிக்குப் பின்னால் வயரைச் சொருகி, கேசட்டைக் கழற்றி ஊதி மறுபடி மாட்டினால் திரையில் ஆட்டங்களின் பட்டியல் நீளமாக ஓடும். பர்மா பஜாரில் வாங்கியதோ, வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்ததோ, அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள்தான். அந்தப் பட்டியலில் மரியோவுக்குக் கீழே எங்கேயாவது ‘பலூன் ஃபைட்’ இருக்கும். முதுகில் இரண்டு பலூன்களுடன் கைகளைப் படபடவென்று அடித்து மிதந்து, எதிரியின் பலூனை உடைக்க வேண்டும். பட்டனை விட்டதும் பொத்தென்று விழாமல், காற்றில் வழுக்கி மெல்ல இறங்குவதுதான் அந்த ஆட்டத்தின் சுகமே.

ஃபேமிகாமில் அந்த மிதப்பை எழுதியவர் சடோரு இவாட்டா. அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த ஒரு புரோகிராமர். 2002-ல் அவரே நின்டெண்டோவின் தலைவரானார். 2015 ஜூலை 11 அன்று, 55 வயதில், அந்தப் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

தொழில்நுட்ப நிறுவனத் தலைவர் என்றதும் நம் மனதில் எழும் உருவம் வேறு. பெரிய மேடை, கைதட்டல், ஏறும் பங்கு விலை. விலை இறங்கினால் ஊழியர்களுக்கு நள்ளிரவில் போகும் ஒரு மின்னஞ்சல். 2022-க்குப் பிறகு அந்த மின்னஞ்சலுக்குப் பயந்து தூங்கிய வீடுகள் சென்னையிலும் கோவையிலும் நிறைய உண்டு. இவாட்டாவும் நட்டத்தைப் பார்த்தவர். ஒரு முறையல்ல, பல முறை. அப்போதெல்லாம் அவர் கை வைத்தது முதலில் தன் சம்பளத்தில். நல்ல மனசு என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது என்பது என் எண்ணம். அவர் நிறுவனத்தை நடத்திய முறைக்கும் புரோகிராம் எழுதிய முறைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அவருடைய பள்ளி நாட்களிலிருந்து தொடங்க வேண்டும்.

கால்குலேட்டர் காலம்

இவாட்டா பிறந்தது 1959 டிசம்பர் 6 அன்று, ஜப்பானின் வட கோடியில் பனி கொட்டும் ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரத்தில். அப்பா அரசு அதிகாரி. பின்னாளில் முரோரான் நகரத்தின் மேயரானவர். பையனுக்கு உயர்நிலைப் பள்ளியில் கிடைத்த ஹெச்பி-65 என்ற கால்குலேட்டர்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அதற்குள் நாமே கட்டளைகளை எழுதி ஓடவைக்கலாம். இவாட்டா அதில் ஆட்டங்கள் செய்தார். வெறும் எண்கள் ஓடும் திரையில் ஒரு பேஸ்பால் ஆட்டம்! அதை ஆடிப் பார்த்துச் சிரித்தவன் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன். தான் செய்த ஒன்றைப் பார்த்து இன்னொருவன் சிரிக்கிறான் என்ற அந்தச் சந்தோஷத்தை இவாட்டா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டோக்கியோ தொழில்நுட்பக் கல்லூரியில் கம்ப்யூட்டர் அறிவியல் படிக்கப் போனபோது, இக்கெபுகுரோ பகுதியில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் கம்ப்யூட்டர் பிரிவே அவருக்கு இன்னொரு வகுப்பறையானது. அங்கே சுற்றிக்கொண்டிருந்த கூட்டம் 1980-ல் ஆரம்பித்த சின்னக் கம்பெனிதான் ஹால் லேபரேட்டரி. ஐபிஎம் என்ற மூன்று எழுத்துகளையும் ஆங்கில வரிசையில் ஒவ்வொரு படி முன்னே நகர்த்தி வைத்த பெயர் அது. இவாட்டா பகுதிநேரமாகச் சேர்ந்தார். 1982-ல் பட்டம் வாங்கியதும் அங்கேயே முழுநேர வேலை. பெரிய கம்பெனிகள் காத்திருக்க, விரல்விட்டு எண்ணும் ஆட்கள் உள்ள இடத்துக்கு மகன் போனதில் அப்பாவுக்குக் கடும் கோபம். ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அடுத்த வருடம் ஃபேமிகாம் வந்தது. அதன் சிப் இவாட்டாவுக்கு ஏற்கெனவே அத்துப்படி. கல்லூரிக் காலத்தில் அவர் வைத்திருந்த கமடோர் பெட் கம்ப்யூட்டரிலும் அதே குடும்பத்து 6502 சிப்தான். கியோட்டோவுக்குப் போய் நின்டெண்டோவிடம் வேலை கேட்டார், கிடைத்தது. 1984-ல் வந்த ‘கோல்ஃப்’ ஆட்டத்தில் 18 குழிகளும் அந்தக் கேசட்டின் துளி நினைவகத்தில் அடங்காது என்று மற்றவர்கள் கைவிரித்திருந்தார்கள். இவாட்டா தகவல்களைச் சுருக்கிச் சுருக்கி உள்ளே அடக்கினார்.

பலூன் ஃபைட்டின் மிதப்புக்கும் அப்படி ஒரு காரணம் உண்டு. அதே ஆட்டத்தைக் கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்துக்குத் தோஷிஹிகோ நகாகோ என்ற இன்னொரு புரோகிராமரின் குழு செய்துகொண்டிருந்தது. அந்த இயந்திரம் பலமானது. ஆனாலும் சின்ன ஃபேமிகாமில்தான் ஆட்டம் வழவழவென்று ஓடியது. எப்படி என்று நகாகோ வந்து கேட்டார். பாத்திரம் நிற்கும் இடத்தைத் தசமப் புள்ளிக்குப் பின்னாலும் கணக்கிடுகிறேன் என்று இவாட்டா ஒளிக்காமல் விளக்கினார். அந்தப் பாடம்தான் பிறகு ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் மரியோ தண்ணீருக்குள் நீந்தும் கட்டங்களுக்குப் பயன்பட்டது. தொழில் ரகசியத்தைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்த அந்த இளைஞனை எனக்கு ரொம்பவும் பிடிக்கும்.

150 கோடி யென் கடனும் 33 வயதுத் தலைவரும்

1992-ல் ஹால் லேபரேட்டரி கவிழ்ந்தது. கடன் 150 கோடி யென். கைதூக்கிவிட முன்வந்தது நின்டெண்டோ. அதன் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி யாரும் எதிர்த்துப் பேசாத மனிதர். அவர் போட்ட நிபந்தனை: இவாட்டாவைத் தலைவராக்க வேண்டும். அப்படி 1993-ல், நிர்வாகம் படிக்காத 33 வயதுப் புரோகிராமர் ஒருவர் கடனில் மூழ்கிய கம்பெனிக்குத் தலைவரானார். ஓடிப்போயிருக்கலாம். கூட உட்கார்ந்து வியர்வை சிந்தியவர்களை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை என்றுதான் பின்னாளில் அவர் காரணம் சொன்னார்.

தலைவரானதும் அவர் செய்த முதல் பெரிய வேலை, கம்பெனியில் உள்ள அத்தனை பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசியது. இங்கே வேலை செய்வதில் சந்தோஷமா என்று கேட்பார். எது தடையாக இருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்பார். சிலரோடு இருபது நிமிடத்தில் முடியும். சிலரோடு மூன்று மணி நேரம் போகும். இதை ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்தவில்லை; வருடத்துக்கு இரண்டு முறை என்று வழக்கமாக்கிக்கொண்டார். தினமும் பார்க்கிற சக ஊழியர்களைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியாது என்பது அந்தப் பேச்சுகளில்தான் புரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது பழக்கமான வேலை. வேறொருவர் எழுதிய கோடு கெட்டுக் கிடக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரிகளை அழிக்க முடியாது. முதலில் முழுக்கப் படிக்க வேண்டும். எந்த வரி எதைத் தாங்கி நிற்கிறது என்று தெரியாமல் ஒன்றை நீக்கினால், சம்பந்தமே இல்லாத இன்னொன்று சரியும். கடன்பட்ட நிறுவனத்தை இவாட்டா அப்படித்தான் படித்தார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் கடன் அடைந்தது. மசாஹிரோ சகுராய் என்ற இளைஞர் உருவாக்கிய ‘கர்பி’ என்ற உருண்டைப் பொம்மையின் ஆட்டங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அந்த ஆறு ஆண்டுகளில் அவர் கோடு எழுதுவதையும் விடவில்லை. விளம்பர எழுத்தாளர் ஷிகேசாடோ இடோயின் ‘மதர் 2’ ஆட்டம் நான்கு ஆண்டுகளாக இழுத்துக்கொண்டு, முடிவே தெரியாமல் கிடந்தது. உதவிக்கு வந்த இவாட்டா படித்துப் பார்த்துவிட்டு இரண்டு வழிகள் சொன்னார். இருப்பதைச் சரிசெய்தால் இரண்டு வருடம். அடியிலிருந்து எழுதவிட்டால் ஆறு மாதம். எதைத் தேர்ந்தாலும் செய்து தருகிறேன் என்று முடிவை அவர்களிடமே விட்டார். புதிதாக எழுதச் சொன்னார்கள். அவர் முதலில் ஆட்டத்தை எழுதவில்லை. குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்கான கருவிகளை எழுதிக் கொடுத்தார். 1994 ஆகஸ்டில் ஆட்டம் கடைக்கு வந்தது.

போக்கிமான் கதை இதைவிட வியப்பானது. கையடக்கக் கேம் பாயில் ஓடிய அதன் சண்டைக் காட்சிகளை நின்டெண்டோ 64-க்கு மாற்ற வேண்டியிருந்தது. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. இருந்தது சோர்ஸ் கோடு மட்டும். இவாட்டா அதைப் படித்து ஒரு வாரத்தில் மாற்றி ஓடவைத்தார். இத்தனைக்கும் அவர் நின்டெண்டோ ஊழியரோ போக்கிமானைச் செய்த கேம் ஃப்ரீக்கின் ஊழியரோ அல்ல. வேறொரு கம்பெனியின் தலைவர். இவர் என்ன மாதிரித் தலைவர் என்று மூலக் கோடை எழுதிய ஷிகேகி மொரிமோட்டோ மலைத்துப் போனார். அடுத்து வந்த ‘கோல்டு’, ‘சில்வர்’ ஆட்டங்களுக்குப் படங்களைச் சுருக்கும் கருவியையும் இவாட்டா செய்து கொடுத்தார். முந்தைய ஆட்டத்தின் நிலப்பரப்பு முழுவதையும் இவாட்டா ஒரே ஆளாக இதற்குள் திணித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. ரசிகர்களின் அன்பு ஊதிப் பெருக்கிய கதை அது. உண்மையில் செய்தவையே அவருக்குப் போதும்.

கியோட்டோவின் நாற்காலி

நின்டெண்டோ 1889-ல் கியோட்டோவில் ஹனாஃபுடா என்ற பூச்சீட்டுக் கட்டுகள் செய்து விற்ற கடையாகத் தொடங்கியது. தொடக்கம் முதலே யமாவுச்சி குடும்பத்தின் கையில் இருந்தது. ஹிரோஷி யமாவுச்சி மட்டுமே 1949 முதல் 53 ஆண்டுகள் தலைவர். 2002 மே மாதம் அவர் விலகியபோது அந்த நாற்காலியில் உட்காரவைத்தது, இரண்டே ஆண்டுகளுக்கு முன் நின்டெண்டோவில் சேர்ந்த 42 வயது இவாட்டாவை. குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவர்.

இவாட்டாவின் கோடு எழுதும் காலம் அதற்குச் சற்று முன்புதான் முடிந்திருந்தது. 2001-ல் ‘ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ ஆட்டம் குறித்த தேதிக்கு வராது போலிருந்தபோது, நின்டெண்டோவின் திட்டமிடல் பிரிவுக்குத் தலைவராக இருந்த அவர் ஹால் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து மூன்று வாரம் பிழை திருத்தினார். பொறியாளராகத் தான் செய்த கடைசி வேலை என்று அதைச் சொல்வார்.

தலைவரான நேரம் நல்ல நேரமல்ல. சோனியின் பிளேஸ்டேஷன் 2 சந்தையை அள்ளிக்கொண்டு போயிருந்தது. அதைவிட வேகமான, பலமான கருவி செய்வதுதான் வழி என்று எல்லோரும் நினைத்தார்கள். இவாட்டா வேறொன்றைப் பார்த்தார். ஜப்பானில் ஆட்டச் சந்தை சில ஆண்டுகளாகவே சுருங்கி வந்தது. ஆட்டங்கள் சிக்கலாகிக்கொண்டே போக, ஆடிக்கொண்டிருந்தவர்கள் வேலை, குடும்பம் என்று விலகினார்கள். புதிதாக வர வேண்டியவர்கள் பத்துப் பதினைந்து பட்டன்கள் உள்ள கன்ட்ரோலரைப் பார்த்தே ஒதுங்கினார்கள். ஆக, போட்டி சோனியோடு அல்ல, மக்களின் அக்கறையின்மையோடு.

2004-ல் வந்த நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு இரண்டு திரை. இரண்டு திரை வேண்டும் என்றது ஓய்வுபெற்ற யமாவுச்சியின் பிடிவாதம். கீழ்த் திரையைக் குச்சியால் தொட்டு எழுதலாம் என்றாக்கி, அந்தப் பிடிவாதத்துக்குப் பொருள் கொடுத்தது இவாட்டாவின் குழு. தொஹோகு பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் ரியூட்டா கவாஷிமாவோடு சேர்ந்து செய்த ‘மூளைப் பயிற்சி’ ஆட்டத்தை, வாழ்நாளில் வீடியோ கேமைத் தொட்டிராத முதியவர்களும் வாங்கினார்கள். டிஎஸ் விற்பனை 15.4 கோடியைத் தொட்டது.

2006-ல் வீ. டிவி ரிமோட் போல ஒரு கன்ட்ரோலர். கையை வீசினால் திரையில் பந்து உருளும். பெட்டியின் அளவு இரண்டு மூன்று டிவிடி உறைகளை அடுக்கியதுபோல இருக்க வேண்டும் என்று இவாட்டா பொறியாளர்களிடம் கறாராகச் சொன்னார். கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்காமல், வீட்டில் அம்மாவுக்கு எரிச்சல் தராமல் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முதியோர் இல்லங்களில் தாத்தா பாட்டிகள் வீ-யில் பௌலிங் ஆடிய செய்திகள் உலகம் முழுக்க வந்தன. 10 கோடிக்கும் மேல் விற்றது. 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நின்டெண்டோவின் விற்பனை ஏறத்தாழ 1.84 லட்சம் கோடி யென்.

அந்த உச்சத்திலும் அவருடைய பழைய பழக்கம் போகவில்லை. 2006-ல் ‘இவாட்டா கேட்கிறார்’ என்று ஒரு பேட்டித் தொடரைத் தொடங்கினார். கேள்வி கேட்பவர் தலைவர். பதில் சொல்பவர்கள் அவருடைய ஊழியர்கள். இந்த ஒலியை ஏன் இப்படி வைத்தீர்கள், இந்தப் பட்டனை எத்தனை முறை மாற்றினீர்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். புகழை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்க இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் வேறு எந்த நிறுவனத்திலும் பார்த்ததில்லை.

இறங்குமுகம்

பிறகு ஐபோன் காலம். கையடக்க ஆட்டக் கருவியை யாரும் தனியாக வாங்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது; யென்னின் மதிப்பும் ஏறி, வெளிநாட்டு வருமானத்தைத் தின்றது. 2011 பிப்ரவரியில் 25,000 யென்னுக்கு வந்த 3டிஎஸ் விற்கவில்லை. ஆகஸ்டில் விலையை 15,000 ஆகக் குறைத்தார்கள். வெளிவந்து ஆறே மாதத்தில் இவ்வளவு வெட்டு கேள்விப்படாதது. முழு விலை கொடுத்து முதலிலேயே வாங்கியவர்களிடம் இவாட்டா மன்னிப்புக் கேட்டு, இருபது பழைய ஆட்டங்களை இலவசமாகக் கொடுத்தார். அதில் பலூன் ஃபைட்டும் ஒன்று. கூடவே தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். அவருக்கு அடுத்த நிலை இயக்குநர்களுக்கு 30 சதவீதம், மற்றவர்களுக்கு 20 சதவீதம். 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நட்டம் 4,320 கோடி யென். விலைக் குறைப்பு பலித்தது. 3டிஎஸ் கடைசியில் 7.5 கோடியைத் தாண்டியது.

வீ யூ தேறவில்லை. 2012 நவம்பரில் வந்த அந்தக் கருவி புதிய இயந்திரமா, பழைய வீ-யின் உதிரி உறுப்பா என்று வாங்குபவர்களுக்கே புரியவில்லை. உயர்தரப் படத்துக்கு மாறும்போது வேலை எவ்வளவு கூடும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று இவாட்டாவே ஒப்புக்கொண்டார். இது அவருடைய தோல்விதான். பெயர் வைத்ததிலிருந்து ஆட்டங்கள் தாமதமானது வரை பொறுப்பு அவருடையது. ஓராண்டில் 90 லட்சம் விற்கும் என்ற மதிப்பீட்டை 2014 ஜனவரியில் 28 லட்சமாகக் குறைக்க வேண்டிவந்தது. மறுபடியும் அவர் சம்பளம் ஐந்து மாதத்துக்குப் பாதியானது. மரியோவைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோவுக்கும் 30 சதவீத வெட்டு.

அதற்கு முந்தைய ஆண்டின் பங்குதாரர் கூட்டத்தில், செலவைக் குறைக்க ஆட்களைக் குறைக்கலாமே என்ற கேள்வி வந்தது. குறுகிய கால லாபத்துக்காக ஆட்களை அனுப்பினால் மிச்சமிருப்பவர்களின் மனம் உடையும், வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் உலகம் ரசிக்கும் ஆட்டத்தைச் செய்ய முடியுமா என்பது சந்தேகம் என்ற பொருளில் பதில் சொன்னார். தர்மம் பேசாமல் தயாரிப்புக் கணக்கைப் பேசினார் என்பதுதான் இந்தப் பதிலின் பலம். நின்டெண்டோ விற்பது சிரிப்பை. அதைச் செய்கிறவர் நடுங்கிக்கொண்டிருந்தால் சரக்கே கெட்டுப்போகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. யமாவுச்சி காலத்திலிருந்து சேர்த்த பெரும் ரொக்கம் கையில் இருந்தது. கடனில் ஓடும் நிறுவனத் தலைவருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. ஜப்பானில் ஆட்குறைப்பு சட்டப்படியும் எளிதல்ல. 2014-ல் ஐரோப்பியக் கிளையில் ஓர் அலுவலகத்தை மூடியபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். இவாட்டாவின் புகழ் பாடும் கட்டுரைகள் பலவும் இதை விட்டுவிடுகின்றன. ஆனாலும் ரொக்கம் குவிந்து கிடந்தும் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பிய நிறுவனங்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பணம் இருந்தது பாதிக் காரணம். மீதியை இவாட்டாதான் முடிவு செய்தார்.

கடைசி ஆண்டு

2014 ஜூனில் அவருடைய பித்தநாளத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இலையுதிர் காலத்தில் வேலைக்குத் திரும்பினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். 2015 மார்ச்சில் மேடையேறி இரண்டு அறிவிப்புகள் செய்தார். ஸ்மார்ட்போனுக்கு நின்டெண்டோ வராது என்று வருடக்கணக்கில் சொல்லிவந்தவர், டிஇஎன்ஏ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து போன் ஆட்டங்கள் செய்யப் போவதாகச் சொன்னார். அது சரணாகதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, என்எக்ஸ் என்ற குறிப்பெயரில் புதிய கருவி தயாராகிறது என்றும் சொன்னார். போக்கிமான் கம்பெனியின் சுனெகாசு இஷிஹாராவோடு சேர்ந்து அவர் வளர்த்த இன்னொரு திட்டம், 2016-ல் உலகத்தைத் தெருவில் நடக்கவைத்த ‘போக்கிமான் கோ’. அதையும் அவர் பார்க்கவில்லை.

கியோட்டோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு மழையையும் பொருட்படுத்தாமல் நான்காயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இன்னொரு அஞ்சலி இரண்டு வருடம் கழித்தே வெளியே தெரிந்தது. நின்டெண்டோவின் புதிய கருவியில் அவருடைய 1984 கோல்ஃப் ஆட்டத்தை யாரோ ஒளித்துவைத்திருந்தார்கள். ஜூலை 11 என்று தேதி காட்டும் நாளில், ரசிகர்களோடு பேசும்போது இவாட்டா இரு கைகளையும் முன்னே நீட்டுவாரே, அதே அசைவைச் செய்தால் அது திறக்கும். நிறுவனம் இதை விளம்பரம் செய்யவில்லை; பின்னாளில் சத்தமில்லாமல் நீக்கியும்விட்டது.

என்எக்ஸ்தான் 2017 மார்ச் 3 அன்று ‘ஸ்விட்ச்’ என்ற பெயரில் வந்தது. 15 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. அன்றைக்கே வெளியான ‘செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்டு’, தோற்றுப்போன வீ யூ-வுக்காகத் தொடங்கப்பட்ட ஆட்டம். ஸ்விட்சில் மிக அதிகமாக விற்ற ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ ஆட்டமும் 2014-ல் வீ யூ-வில் வந்ததன் மெருகேற்றிய வடிவம்தான். 6 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. இரண்டையும் அந்த நட்டக் காலத்தில் உட்கார்ந்து செய்தவர்கள், பங்குதாரர் கூட்டத்தில் யாரைக் குறைக்கலாமே என்று கேட்டார்களோ அதே ஆட்கள்.

2023 பிப்ரவரியில் நின்டெண்டோ தன் ஆண்டு லாப மதிப்பீட்டைக் குறைத்தது. அதே அறிவிப்போடு, ஜப்பானில் உள்ள ஊழியர்களின் அடிப்படைச் சம்பளத்தை 10 சதவீதம் உயர்த்துவதாக இப்போதைய தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா சொன்னார்.